வேடந்தாங்கல் ஊரார் வாங்கிய கவுல்



கோழிக்குஞ்சு ஓட்டை விட்டு வெளியே வந்த அன்றைக்கே தாய்க்குப் பின்னால் ஓடித் தானே இரை பொறுக்கும். நீர்க்காகக் குஞ்சு அப்படியில்லை. பிறக்கும்போது கண் திறந்திராது, உடம்பில் ஒரு தூவிகூட இருக்காது. நாரை, கொக்கு, கூழைக்கடா எல்லாவற்றின் குஞ்சுகளையும் பல வாரம் கூட்டிலேயே வைத்து ஊட்டி வளர்க்கணும். ஆணும் பெண்ணும் முறைபோட்டு அடைகாக்கும்.

ஊட்டுகிற விதத்தைப் பாருங்க. நீர்க்காகக் குஞ்சு, தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு மீனை எடுத்துக்கொள்ளும். கூழைக்கடாக் குஞ்சு அலகுப் பைக்குள் தலையை நுழைக்கும். நத்தைகுத்தி நாரை, நம் கழனியில் பிடித்த நத்தையைக் கூட்டில் கொண்டுவந்து கக்கும். குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். பெரிய நாரையின் அலகு நடுவில் ஒரு இடைவெளி தெரியும் இல்லையா, குஞ்சுக்கு அது கிடையாது. வளர வளரத்தான் உண்டாகும்.

இந்தச் சமயத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டால் என்ன ஆகும்? பெரிய பறவைகள் எல்லாம் கலைந்து பறக்கும். காக்காய் வந்து முட்டையைத் தூக்கும். நிழல் கொடுக்க ஆளில்லாமல் குஞ்சுகள் வெயிலில் சாகும். சுட்டது நாலு பறவை என்றாலும், அழிவது நாலு கூடு மட்டும் அல்ல.

செங்கற்பட்டுச் சீமையில், மதுராந்தகத்துக்குப் பக்கத்து வேடந்தாங்கலில் இதுதான் நடந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயோனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, இங்கே யாரும் பறவையைச் சுடக்கூடாது என்று 1798-இல் கவுல் வாங்கிவிட்டார்கள். வேடர்கள் தங்கிய இடம் என்று பெயர் பெற்ற ஊர், வேட்டைக்குத் தடை வாங்கியது!

பறவைமேல் இரக்கம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அதில் தழைச்சத்து உண்டு. மதகைத் திறந்தால் தண்ணீரோடு உரமும் கழனிக்குப் பாய்கிறது. யூரியா மூட்டை ஊருக்குள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள்.

கவுல் வாங்கியதோடு விட்டுவிடவும் இல்லை. 1858-இல் மறுபடி கலெக்டரிடம் போய் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936-இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் ஆயிற்று. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

ஒரு விஷயம். வெளிநாட்டுப் பறவைகள் எல்லாம் இங்கே வந்து குஞ்சு பொரிக்கின்றன என்று பலபேர் நினைக்கிறார்கள். வடக்கே குளிர்நாட்டிலிருந்து வரும் வாத்து வகைகள் இரை தேடித் தங்கிவிட்டுத் திரும்பிவிடும். கூடு கட்டுபவை நம் நாட்டு நாரையும் கொக்கும் கூழைக்கடாவும்தான். அவை தேடுவது தண்ணீருக்குள் நிற்கிற நீர்க்கடம்பும் கருவேலமும். அடிமரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நரியும் பூனையும் கூட்டை நெருங்காது. ஐப்பசி, கார்த்திகை மழை தவறி ஏரி வறண்ட வருஷத்தில் அவை வேறு நீர்நிலை பார்த்துப் போய்விடும்.