பொறியியல் பீடத்துக்குள் போன முதல் பெண்

உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யிற நேரம் எங்கட வீடுகளில கேட்ட ஒரு வசனம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: "பொம்பிளைப் பிள்ளைக்கு மற்ஸ் என்னத்துக்கு, பயோ செய்யன்." டொக்டர் ஆகலாம், எஞ்சினியர் ஆகக்கூடாது. இது எங்கேயிருந்து வந்தது என்று தேடிப்போனபோது, டொக்டர் வேலையும் ஒரு காலத்தில் எங்களுக்குரியதாக இருக்கவில்லை என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இலேயே தொடங்கிவிட்டது. அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில்தான் மானிப்பாய். 1848 முதல் அங்கே டொக்டர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவம் படிப்பித்தார், பிறகு தமிழிலேயே. படித்தவர்கள் ஆண்கள். கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870இல் திறந்தது. பெண்களைச் சேர்த்தது 1892இல். ஆண் டொக்டரிட்ட காட்டத் தயங்கின பெண்களுக்குப் பெண் டொக்டர்மார் தேவைப்பட்டார்கள். கதவு திறந்ததற்கு அந்தத் தேவைதான் பெரிய காரணம் என்பது எங்கட அபிப்பிராயம். இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரி தொடங்கியதும் பெண்களுக்காகத்தான்.

பொறியியலுக்கு அப்படி ஒரு நெருக்குதல் இருக்கவில்லை. பாலத்தால போறவை அதைக் கட்டினது ஆணா பெண்ணா என்று கேட்கிறேல்லைத்தானே.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் ஆரம்பித்தது. பத்து வருடமாக ஒரு பெண்ணும் இல்லை. 1960இல் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை உள்ளே போனார். 1964இல் பட்டம் பெற்று, நாட்டின் முதலாவது பெண் பொறியியலாளர் ஆனார். பொதுவேலைத் திணைக்களத்தில் வேலை, பிறகு ஒக்ஸ்போர்டில் கலாநிதிப் பட்டம். கவிஞர் சி. சிவசேகரத்தைக் கலியாணம் செய்தவர். எங்களில் பலருக்கு சிவசேகரத்தின் கவிதைகள் தெரியும். பிரேமளாவின் பெயர் தெரியாது. வெட்கமாகத்தான் இருக்கு.

ஒன்றைக் கவனிக்கவேணும். அவரின் தகப்பனும் பொறியியலாளர். துணிவோடும் கெட்டித்தனத்தோடும் சேர்த்து, வழி தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். அப்படி ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் அந்த வழியைக் காட்டவேணும். 1945இல் இலவசக் கல்வி வந்தபிறகும் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அது நடக்கவில்லை.

எங்களில் ஒருத்தி படித்த மகளிர் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவே இல்லை. பக்கத்துப் பெடியங்கட பள்ளிக்கூடத்தில கேட்டுப் பார்த்தார்கள், எடுக்கேல்லை. அவள் பயோ செய்தாள். இப்ப பாங்கில வேலை. லீவு நாளில தம்பியின்ர இணைந்த கணிதக் கடதாசிகளை எடுத்து வைத்துச் செய்து பார்ப்பாளாம்.