ஜிக்கில் மென் இரையை நிறுத்தும் கைமுறைகள்

ஈயத்தலை வார்த்த தூண்டில் முள்ளுக்கு ஜிக் என்று பெயர். அதில் புழுவையோ சிறு மீனையோ போன்ற மென் நெகிழி இரையைக் கோத்து, இரை பின்னோக்கிச் சரியாமல் இருக்கத் தூண்டில்காரர்கள் வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே செய்துகொள்ளும் ஏற்பாடுகள் கைமுறைகள் எனப்படும். பாஸ், வால்ஐ, க்ராப்பி முதலிய மீன்களைப் பிடிக்கும் வட அமெரிக்க நன்னீர்த் தூண்டில்காரர்களிடம் இவை மிகுதியாக வழங்குகின்றன. பசை, நூல், செம்புக்கம்பி, பேனாச்சுருள், பல்குத்தும் குச்சி ஆகியவை இவற்றுக்கான முக்கியப் பொருள்கள்.

வரலாறு

ஜிக் மென் நெகிழிக்கு மூத்தது. முள்ளின் காதுக்கு அருகே ஈயத்தை வார்த்தால் ஜிக் ஆகிறது. ஈயம் ஏறத்தாழ 327° செல்சியசில் உருகிவிடும். அதனால் சிறு உலையும் உலோக அச்சும் உள்ள எவரும் தமக்கு வேண்டியதைத் தாமே வார்த்துக்கொள்ள முடிந்தது. ஈயம் நஞ்சாதலால் இவ்வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்வர்.

தொடக்ககால ஜிக்குகளில் மான்வால் மயிரும் இறகும் கட்டப்பட்டன. ஈயத்தலைக்குப் பின்னால் நீண்டிருக்கும் மெல்லிய கழுத்து, நூல் சுற்றுவதற்கான இடம். மயிரை நூலே இறுக்கிப் பிடித்ததால் கழுத்து வழுவழுப்பாக இருந்ததில் குறையொன்றும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உப்புநீரில் பதப்படுத்திய பன்றித்தோல் துண்டுகளை முள்ளில் மாட்டும் வழக்கம் பெருகியது. விஸ்கான்சின் மாநிலத்தின் அங்கிள் ஜாஷ் நிறுவனம் இவற்றைப் புட்டிகளில் அடைத்து விற்றது. பன்றித்தோல் எளிதில் கிழியாது. மாட்டிய பின் கழற்றுவதுதான் பாடு. ஆகவே அக்காலத்திலும் இரை நழுவுவது பெரிய சிக்கலாக இருக்கவில்லை.

நெகிழிப் புழுவோடு நிலைமை மாறியது. ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் வாழ்ந்த நிக் கிரீம், மனைவி காஸ்மாவுடன் சேர்ந்து வினைல், எண்ணெய், நிறமி ஆகியவற்றைச் சமையலறையில் காய்ச்சி 1949இல் மென்புழுவை வார்த்தெடுத்தார். புழு அஞ்சல்வழி விற்பனைக்கு வந்தது. கிரீமின் நிறுவனம் பின்னர் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகருக்குக் குடிபெயர்ந்தது. மென் இரையின் வரலாறு கிரீமிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முன் விற்ற ரப்பர்ப் புழுக்கள் விறைப்பானவை. அவற்றை மென் இரையாகக் கொள்வதற்கில்லை.

டெக்சாசில் முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள் மறைத்து, முன்னால் தோட்டா வடிவ ஈயத்தைக் கோக்கும் டெக்சாஸ் அமைப்பு வேரூன்றியது. புழுவை விட்டு ஈயம் விலகி ஓடாதபடி, அதன் துளைக்குள் பல்குத்தும் குச்சியைத் தங்கூசியோடு (தூண்டில் இழையோடு) சேர்த்துச் செருகி, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை ஒடித்துவிடுவர். கைமுறைகளுள் பழமையும் புகழும் மிக்கது இது. 1970களில் லூசியானாவின் மிஸ்டர் ட்விஸ்டர் நிறுவனம் சுருள்வால் இரைகளைப் பரப்பியது. குட்டையான உடலும் அலையும் வாலும் கொண்ட இவை ஈயத்தலை ஜிக்குக்கு ஏற்றவை. ஜிக்கும் நெகிழியும் இவ்வாறு இணைந்த பிறகு, நழுவும் இரை எல்லாத் தூண்டில்காரருக்கும் பொதுவான தொல்லையாயிற்று.

நழுவுவதற்கான காரணங்கள்

பெரும்பாலான மென் இரைகள் பிளாஸ்டிசால் எனும் கலவையால் ஆனவை. பாலிவினைல் குளோரைடுத் துகளை நெகிழ்வூட்டி எண்ணெயில் கலந்து, ஏறத்தாழ 175° செல்சியசுக்குச் சூடாக்கி அச்சில் ஊற்றினால் இது கிடைக்கும். நெகிழ்வூட்டி கூடக்கூட இரை தளர்ந்து நன்றாக அசையும். அதே அளவுக்கு எளிதில் கிழியவும் செய்யும். கேரி யமமோட்டோவின் செங்கோ போன்ற உப்பு செறிந்த புழுக்கள் விரைந்து மூழ்குவதற்கும் விரைந்து கிழிவதற்கும் பேர்பெற்றவை.

வீசும்போது ஏற்படும் உதறல், நீர்ப்பாசியில் உரசல், வாலை மட்டும் கடித்திழுக்கும் சிறு மீன்கள் ஆகிய மூன்றும் இரையைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. ஒருமுறை சரிந்த இரையின் துளை அகன்றுவிடுவதால் அடுத்த முறை இன்னும் எளிதாகச் சரியும். சரிந்த இரை வளைந்து நின்று நீரில் சுழலும், தங்கூசி முறுக்கேறும், மீன் கடிக்காது.

கோணலாகக் கோத்தால் எந்தப் பிடிப்பும் நிலைக்காது. இரையை முள்ளின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்து, முள் வெளிவர வேண்டிய இடத்தை நகத்தால் குறித்துக்கொண்டு, உடலின் நடுக்கோட்டிலேயே முள்ளைச் செலுத்துவது எல்லா முறைகளுக்கும் பொதுவான முதற்படி.

வகைப்பாடு

இரையை எது பிடித்து நிறுத்துகிறது என்பதைக் கொண்டு கைமுறைகளை ஐந்தாகப் பிரிக்கலாம்.

*1. கீறல் முறை.* ஈயம் மிக மென்மையான உலோகம். கழுத்தின் மேல் கத்தியைச் சாய்வாக வைத்து அழுத்தினால் முன்னோக்கிச் சாய்ந்த சிறு செதில்கள் எழும்பும். இரை முன்னோக்கி ஏறும்போது இவை வழிவிடும். பின்னோக்கி இழுபடும்போது உள்ளே குத்தி நிற்கும். அரத்தால் கழுத்தைச் சொரசொரப்பாக்குவது இதன் எளிய வடிவம். செலவே இல்லாத இம்முறையின் குறை, செதில்கள் சில பயன்பாடுகளிலேயே மழுங்கிவிடுவது.

*2. கட்டு முறை.* இது மயிர் ஜிக்கின் நேர் வாரிசு. கழுத்தில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கூம்பாகத் தடிக்கச் செய்து, மேலே நகப்பூச்சு தடவி உலரவிடுவர். இதற்கு மூன்று கிளைகள் உண்டு.

அ) கம்பிக்கட்டு: மெல்லிய செம்புக்கம்பியைச் சுற்றி, இரு நுனிகளையும் முன்னோக்கிச் சாய்த்து விடுதல். மின்கம்பியின் உறையை உரித்தால் இந்தக் கம்பி கிடைத்துவிடும்.

ஆ) தங்கூசிக்கட்டு: தடித்த நைலான் தங்கூசித் துண்டு ஒன்றை முள்ளின் தண்டோடு சாய்வாக வைத்து நூலால் கட்டுதல். விறைப்பான அதன் முனை எதிர்முள்ளாக வேலை செய்யும்; ஆனால் இரையை அறுக்காது. நுண்ணிய ஜிக்குகளுக்கு இதுவே தக்கது.

இ) உறைக்கட்டு: மின்பணியாளர்கள் கம்பி இணைப்பின் மேல் போடும் வெப்பச் சுருக்கக் குழாயைக் கழுத்தில் செருகிச் சூடுகாட்டுதல். கழுத்து தடித்து, வழுக்கும் தன்மை போய்விடும்.

*3. ஆப்பு முறை.* குச்சியையோ தங்கூசித் துண்டையோ இரையின் தலைப்பகுதியில் குறுக்காகச் செலுத்துவது. முள்ளின் காது இரைக்குள்ளேயே புதைந்திருக்கும் டெக்சாஸ் அமைப்பில், தங்கூசித் துண்டைக் காதின் வழியாகவே செலுத்தி இருபுறமும் ஒட்ட நறுக்கிவிடலாம். ஜிக்கில் காது ஈயத்துக்கு மேலே இருப்பதால் இது கைகூடாது. அங்கு அகன்றுபோன துளைக்குள் குச்சிச் சீவலைத் தண்டோடு சேர்த்துச் செருகுவர். மரம் நீரில் ஊறிப் பருத்து இறுகும்.

*4. திருகு முறை.* பந்துமுனைப் பேனாவின் சுருள்கம்பியில் சில சுற்றுகளை வெட்டியெடுத்து, கழுத்துக்குப் பின்னால் தண்டின் மேல் ஏற்றிப் பசையிட்டுக் கட்டுவர். இரையின் மூக்கைத் திருகித் திருகி இதில் ஏற்ற வேண்டும். நேராக இழுத்தால் வராது. கிழிந்த இரையின் மூக்கை நறுக்கிவிட்டு மறுபடி திருகிக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு.

*5. பசை முறை.* கைமுறைகளுள் தலையாயது. இதற்கான சயனோஅக்ரிலேட் பசை, தமிழ்நாட்டில் பெவிகுவிக் என்ற வணிகப் பெயராலேயே அறியப்படுவது. 1942இல் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான நெகிழி தேடிய ஆய்வின்போது வேதியியலாளர் ஹாரி கூவர் இதைக் கண்டார். எல்லாவற்றிலும் ஒட்டுகிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார். 1951இல் ஈஸ்ட்மேன் கோடாக்கில் இதன் பயன் உணரப்பட்டு, 1958இல் விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரம் பட்டதும் இது இறுகும்.

இரையைக் கழுத்துவரை ஏற்றி, ஈயத்தைத் தொடும் முன் ஒரு துளி விட்டு, தள்ளி அழுத்தி, சில நொடி பிடித்தால் போதும். இரையின் மேல் படிந்துள்ள எண்ணெயும் மணப்பூச்சும் பசைக்குப் பகை. முதலில் துடைத்துவிட வேண்டும். வழிந்தோடும் பசையைவிடக் கூழ்வடிவப் பசை இடைவெளியை நன்கு நிரப்பும். கிழிந்த வாலையும் இதனால் ஒட்டலாம். ஒட்டிய இரையை மாற்றக் கத்தி தேவைப்படும் என்பது சிறு குறையே.

இவை தவிர வெப்ப முறையும் உண்டு. இரையின் மூக்கைத் தீயில் காட்டி, உருகத் தொடங்கியதும் கழுத்தில் அழுத்திக் குளிரவிடுவர். பாலிவினைல் குளோரைடு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். முள்ளைச் சூடாக்கினால் எஃகின் உறுதி குறையும். எனவே இது பரிந்துரைக்கத் தக்கதன்று.

இரைப்பொருளும் முறையும்

மேற்கண்ட முறைகள் பிளாஸ்டிசால் இரையை மனத்திற்கொண்டவை. தென் கரோலைனாவின் இசட்-மேன் நிறுவனம் எலாஸ்டெக் என்ற பெயரில் விற்கும் இரை, வெப்பத்தால் இளகும் எலாஸ்டோமர் வகையைச் சேர்ந்தது. பல மடங்கு நீளும், எளிதில் கிழியாது, மிதக்கும். கிழியாததால் கூர்மையான கம்பிக்கட்டு இதற்குப் பொருந்தும். கழுத்து தடித்திருந்தால் இதை ஏற்றுவதே கடினம். பசை, பிளாஸ்டிசாலில் பிடிப்பதுபோல் இதில் பிடிப்பதில்லை. இவ்விரு வகை இரைகளையும் ஒரே பெட்டியில் வைத்தால் ஒன்றையொன்று உருக்கிவிடும்.

சூழலும் சட்டமும்

நழுவி விழும் நெகிழி ஏரியடியில் தங்குகிறது. மீன்களின் வயிற்றிலும் காணப்பட்டுள்ளது. 2013இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் மென் இரைகளுக்கு எதிரான தடை முன்மொழியப்பட்டது. இரையை இறுகப் பொருத்துவது இச்சிக்கலுக்கு எளிய தீர்வு. ஈயத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 1987 முதல் சிறு ஈயக்குண்டுகளுக்குக் கட்டுப்பாடு உள்ளது. லூன் பறவைகள் ஈயத்தை விழுங்கி இறப்பதால், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1 அவுன்சு (ஏறத்தாழ 28 கிராம்) வரையுள்ள ஈய ஜிக்குகளைத் தடை செய்துள்ளது.

இன்றைய நிலை

திருகுச்சுருளும் கம்பிப் பிடிப்பும் பொருத்திய ஜிக்குகள் கடைகளில் பல வடிவங்களில் கிடைக்கின்றன. டங்ஸ்டன் தலைகளும் வழக்கத்துக்கு வந்துள்ளன. கைமுறைகளும் தொடர்கின்றன.