வார்ப்படக் கூடத்துப் பேட்டர்னும் இதய மாதிரியும்

எண்ணூர், திருவொற்றியூர் வார்ப்படக் கூடங்களில் வேலை பார்த்தவர்களிடம் 'பேட்டர்ன்' என்றால் போதும், விளக்கம் வேண்டாம். உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கு முன் பொருளின் வடிவத்தை மரத்தில் செய்து, மணலில் பதித்து, அச்சு எடுப்பார்கள். பிழை இருந்தால் மரத்திலேயே தடவிப் பார்த்துத் திருத்திவிட வேண்டும். வார்த்தபின் திருத்தம் பெருஞ்செலவு. 1950-களில் புல்லட்டும் லேலண்ட் லாரியும் இப்பகுதிக்கு வந்தபோது கூடவே வளர்ந்த கைவினை இது.

முப்பரிமாண அச்சு பிறந்ததும் இதே தேவையில்தான். பிளாஸ்டிக் பாகங்களின் முதல் மாதிரிக்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், அமெரிக்கப் பொறியாளர் சக் ஹல் திரவப் பிசினைப் புற ஊதாக் கதிரால் அடுக்கடுக்காக இறுகவைக்கும் முறையை உருவாக்கி, 1984-ல் காப்புரிமை கோரினார்.

இதய அறுவைக்கு இந்த அச்சு முறை ஏன் தேவைப்பட்டது என்பதை அறியச் சற்றுப் பின்னே போகவேண்டும். நெருக்கமான குடியிருப்புகளில் எளிதில் தொற்றும் தொண்டை நோய் சிலருக்கு வாதக் காய்ச்சலாகி, இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். 1925-ல் லண்டனில் ஹென்றி சௌட்டர், துடிக்கும் இதயத்தின் இடது மேலறைக்குள் விரலை நுழைத்து அந்த வால்வைத் தொட்டு விரித்தார். இந்தச் சிகிச்சை பரவலாக எடுத்துக்கொள்ளப்பட்டது 1948-க்குப் பிறகே. கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரல் நுனிதான் பரிசோதனையும் சிகிச்சையும். 1953-ல் ஜான் கிப்பனின் இதய-நுரையீரல் எந்திரம் வந்ததும் இதயத்தை நிறுத்தித் திறந்து பார்க்க முடிந்தது.

வடசென்னைக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவையை 1975-ல் கே.எம். செரியன் செய்தது பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். அன்றைய திட்டமிடலுக்கு ஆஞ்சியோகிராம் என்னும் நிழற்படமே வழிகாட்டி. எக்கோ, சி.டி., எம்.ஆர்.ஐ. எனப் படங்கள் பின்னர் பெருகின. ஆனால் எல்லாம் தட்டைத் திரையில். கண் பெற்ற அளவுக்குக் கை இழந்தது என்பது என் கணிப்பு.

2000-ல் வியன்னா ஆய்வாளர்கள் எக்கோ பதிவிலிருந்து மைட்ரல் வால்வின் திட மாதிரிகளை முப்பரிமாண அச்சில் எடுத்தனர். உண்மையான பயன் பிறவிக் குறைகளில் தெரிந்தது. இரு பெருங்குழாய்களும் வலது கீழறையிலிருந்தே புறப்படும் குறையை எடுத்துக்கொள்வோம். நடுச்சுவர்த் துளையிலிருந்து மகாதமனிக்கு உள்ளே ஒரு சுரங்கம் போட முடிந்தால் குழந்தைக்கு இரண்டு கீழறைகளும் வேலை செய்யும். முடியாவிட்டால் ஒற்றைக் கீழறை வாழ்வு. துளை எங்கே, எவ்வளவு தூரம், எந்தச் சாய்வு என்பதில்தான் முடிவு தொங்குகிறது. சி.டி. துண்டுகளில் தசை, இரத்தம் எனப் பிரித்து அச்சிட்ட மாதிரியில், சுவரில் ஜன்னல் வெட்டி, அறுவை மேசையில் நின்று பார்க்கும் கோணத்திலேயே உள்ளே எட்டிப் பார்க்கலாம். 2017-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 40 நோயாளிகளில் 19 பேருக்கு மாதிரியைக் கண்டபின் அறுவைத் திட்டம் மாறியது. பாதிக்கு மேல் மாறவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே மாதிரி செய்த வேலை, எடுத்த முடிவை உறுதிப்படுத்தியதுதான். அதே ஆண்டில் கொச்சி அமிர்தா மருத்துவமனை மருத்துவர்கள், வசதி குறைந்த சூழலிலும் இது சாத்தியம் எனத் தங்கள் அனுபவத்தைப் பதிவுசெய்தனர்.

குறையும் உண்டு. மாதிரி இதயத்துடிப்பின் ஒரு கணத்தில் உறைந்தது. மெல்லிய வால்வு இதழ்கள் சி.டி.யில் சரியாகப் பதிவதில்லை; பல மாதிரிகளில் அந்த இடம் வெறும் ஓட்டையாகவே அச்சாகிறது. சௌட்டரின் விரல் முதலில் தொட்டது அந்த இதழ்களைத்தான்.