பனி எப்படி உப்புத்தாள் ஆனது?

இந்த எபிசோட் ஒரு மன்னிப்புல இருந்து ஆரம்பிக்குது.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரி மாசம், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா பையன் வீட்டில் தங்கியிருந்தேன். ராத்திரி முழுக்க பனி கொட்டியிருந்தது. அண்ணன் எழுந்திரிக்கிறதுக்குள்ள ஒரு உதவி செஞ்சிடலாம்னு, வாசலில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து, தெருவோரம் நின்ற அவருடைய காரைப் பெருக்கித் தள்ளினேன். கருநீலக் கார். அடியில் ஒட்டியிருந்த பனியை நல்லா அழுத்தித் தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் கார் பளிச். எனக்கே பெருமையா இருந்தது.

ஒரு வாரம் கழித்து வெயில் அடித்தபோதுதான் தெரிந்தது. பானெட் முழுக்க மெல்லிய கீறல்கள். அண்ணன், "பரவாயில்லடா, விடு" என்றார். அந்தக் காருக்கு இன்னும் தவணை போய்க்கிட்டு இருக்குன்னு அண்ணி அப்புறம்தான் சொன்னாங்க.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். பனி பஞ்சு மாதிரி இருக்கு. அது எப்படி பெயின்ட்டைக் கீறும்?

கீறாது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. உருகுநிலையை ஒட்டிய பனிக்கட்டி அதில் சுமார் 1.5தான். நம்ம நகமே அதைவிடக் கடினம். ஆனால் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. நான் அன்னிக்கு தேய்ச்சது பனியை மட்டும் இல்ல, அதுக்கு அடியில இருந்த மணலையும்தான். சரி, கார் மேல மணல் எங்கிருந்து வந்தது? இங்கதான் வரலாறு வருது.

கார் வருவதற்கு முன்னால், அமெரிக்காவின் வடகிழக்கில் பல ஊர்களில் சாலைப் பனியை அகற்றவே மாட்டார்கள். குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளையை ஓட்டி, பனியை அழுத்திக் கெட்டியாக்குவார்கள். ஏன்னா, குளிர்காலத்தில் ஓடியது சக்கர வண்டி இல்லை, சறுக்கு வண்டி. அதற்குப் பனி வேணும். கூரை போட்ட மரப் பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், வெளியிலிருந்து பனியை அள்ளிக் கொண்டுபோய் உள்ளே பரப்புவார்கள். நினைச்சுப் பாருங்க, சாலையில் பனி போடறதே ஒரு வேலை!

முதல் கார்கள் வந்தபோதும் இது உடனே மாறவில்லை. பலர் குளிர்காலம் முழுக்க காரைக் கட்டைகள் மேல் ஏற்றி, மூடி வைத்துவிடுவார்கள். 1920களில் நாலு பக்கமும் மூடிய கார்கள் பெருகின. வருஷம் முழுக்க ஓட்டலாம் என்றானது. காருக்கு வேண்டியதோ வெறும் சாலை. அதனால் பனி தள்ளும் வண்டிகள் வந்தன. டயர் வழுக்காமல் இருக்க மணலும் கரிச்சாம்பலும் தூவினார்கள். 1941-42 குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், சாலைகளில் உப்பு தூவுவதைப் பொதுவான வழக்கமாகவே ஆக்கியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். போருக்குப் பிறகு நெடுஞ்சாலைகளோடு உப்பும் பரவியது. இன்று அந்த நாட்டுச் சாலைகளில் கொட்டும் உப்பு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன்.

குளிர் ரொம்ப அதிகமானா, மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனா, சாதாரண உப்பு சரியா வேலை செய்யாது. அப்போ பல இடங்களில் மணல்தான் கைகொடுக்கும். ஓடும் டயர்கள் இந்த உப்பு மணல் சேற்றை வாரி இறைக்கும். அது ஓரமாக நிற்கும் கார்களில் படிந்து காயும். அடுத்த பனி அதன் மேல் விழும். நாம ஊர்ல தச்சர் மரம் இழைக்க வச்சிருக்கற தாளுக்கு உப்புத்தாள்னுதானே பேரு? நான் அன்னிக்கு அண்ணன் காரில் போட்டது அதேதான்.

இந்தப் பக்கம் பெயின்ட்டும் மாறிக்கிட்டே வந்தது. ஆரம்பத்தில் குதிரை வண்டிக்கு அடிப்பது போலவே, பிரஷ்ஷால் பல பூச்சுகள் அடித்து, வாரக்கணக்கில் காய விடுவார்கள். 1920களின் நடுவில் டூபான்ட் நிறுவனத்தின் ட்யூகோ லாக்கர் வந்து, அந்த வேலையைச் சில நாட்களுக்குள் சுருக்கியது. 1980களில் கிளியர் கோட் பரவியது: நிறத்துக்கு மேல், நிறமே இல்லாத ஒரு பளபளப்புப் படலம். அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெல்லிசு. கீறல் விழுவது அதில்தான். பாலிஷ் போட்டால் கீறல் மறையும், ஆனால் அந்தப் படலமும் கொஞ்சம் தேயும். அதனால் எத்தனை தடவை வேணும்னாலும் போட முடியாது.

இந்த வருஷம் பனி ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ போறவங்க, கேட்டுக்கோங்க. முதலில் சைலன்சர் வாயை அடைத்திருக்கும் பனியை எடுங்க. இல்லைன்னா விஷவாயு உள்ளே வரும், உயிருக்கே ஆபத்து. அப்புறம் எஞ்சினைப் போட்டு, கண்ணாடிக்குச் சூடு வைங்க. விளக்குமாறு, மண்வெட்டி ரெண்டும் வேண்டாம். மெத்தென்ற ஃபோம் வைத்த தள்ளுகோல் கடையில் கிடைக்கும். கூரையில் ஆரம்பித்து மேல் பனியைத் தள்ளுங்க. பெயின்ட்டை ஒட்டி ஒரு விரல் அளவு பனி அப்படியே இருக்கட்டும். சூட்டில் அது இளகிய பிறகு, அழுத்தாமல் வழித்து விடுங்க. சுரண்டி கண்ணாடிக்கு மட்டும்தான். வெந்நீர் ஊத்தவே ஊத்தாதீங்க, கண்ணாடி விரிசல் விடும். கூரைப் பனியோடு வண்டியை எடுத்தால் அது பின்னால் வருபவர் மேல் போய் விழும். சில மாநிலங்களில் அபராதமும் உண்டு. குளிர் கொஞ்சம் குறையும் நாளில் உப்பு மணல் போகக் காரைக் கழுவிவிட்டால், அடுத்த பனிக்குப் பாதி வேலை முடிந்தது.

பாலிஷ் செலவை நான் தர்றேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன், வாங்கல. போன வாரம் ஃபோனில் இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "இதையெல்லாம் விளக்குமாத்தை எடுக்கறதுக்கு முன்னாடி படிச்சிருக்கக் கூடாதாடா?" என்றார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.