நாவுக்கு உயிர்தந்த கலை

பழனி மலைத்தொடருக்கு வடகிழக்கே, சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லையும் புகையிலை விளையும் வேடசந்தூரையும் சூழ்ந்த சமவெளியிலும், மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களின் காப்பித் தோட்டங்களிலும், வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலையைக் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றி நின்றது. வாய்ப்புற்றுக்கும் அப்பழக்கத்துக்கும் உள்ள சம்பந்தத்தை, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் இயன் ஆர் 1933-லேயே எடுத்துக்காட்டினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அயரா முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியபின், தமிழ்நாட்டு ஏழை நோயாளிகளுக்கு ஒரு புகலிடம் வாய்த்தது.

நாவில் புற்று கண்டால், நோயுற்ற பாகத்தோடு அதைச் சுற்றியுள்ள நல்ல சதையிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து அறுத்தெடுப்பது சஸ்திர சிகிச்சையின் விதி. பெரும்பகுதியை இழந்து, எஞ்சிய நாவை வாயின் அடித்தளத்தோடு சேர்த்துத் தைத்துவிட்ட காலத்தில், உயிர் பிழைத்தவர் சோற்றுக் கவளத்தைத் தொண்டைக்குத் தள்ளவும், பழனி என்னும் ஊர்ப்பெயரைத் திருத்தமாகச் சொல்லவும் இயலாமல் தவித்தார்.

அக்குறையைத் தீர்த்த உபாயத்தின் மூலம் நம் தேசத்திலேயே இருக்கிறது. கன்னத்துச் சதையைக்கொண்டு மூக்கை அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கமைத்த புனே வைத்தியரின் செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. ரத்தநாளத்தின் தொடர்பை அறுக்காமல் சதையை இடம்பெயர்க்கும் அதே தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டு, கிளாஸ்கோ நகரத்து மக்ரெகர் 1963-ல் நெற்றித் தோலை வாய்க்குள் பொருத்தினார். அமெரிக்கரான ஏரியன் 1979-ல் மார்புத் தசையைக் கழுத்தின் தோலுக்கடியில் நுழைத்து வாய்வரை கொண்டுசேர்த்தார்.

பின்னர்ச் சீன வைத்தியர்கள் முன்கைத் தோலை நாளத்தோடு அறவே பிரித்தெடுத்து வேறிடத்தில் இணைக்கும் முறையை 1981-ல் வெளியிட்டார்கள். கையை அறுக்குமுன், நோயாளியை முஷ்டி பிடிக்கச் செய்து, மணிக்கட்டின் இரு நாடிகளையும் வைத்தியர் அழுத்துகிறார். கை திறந்ததும் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரற்பக்கத்து நாடியை மட்டும் விடுவித்தவுடன் செம்மை பரவினால், கட்டைவிரற்பக்கத்து நாடியை எடுக்கலாம் என்பது நிச்சயமாகிறது. அந்நாடியைக் கழுத்தின் நாளத்தோடு, தலைமயிரினும் மெல்லிய நூலால், நுண்நோக்கியின் வழியே பார்த்துத் தைக்கிறார்கள்.

எனினும் ஒட்டவைத்த தோலுக்குத் தானே அசையும் சக்தி இல்லை. எஞ்சிய நாவே பயிற்சியால் அதைச் சுமந்து விழுங்கவும் பேசவும் கற்க வேண்டும். ஆகவே புகையிலையை இன்றே விட்டொழியுங்கள். நாவில் மூன்று வாரம் ஆறாத புண் இருந்தால், வலியில்லை என்று வாளாவிராமல் வைத்தியரிடம் உடனே காட்டுங்கள்.