பிரிபடாத பாகம்: அடுக்குமாடியின் அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

நான் வாடகைக்குக் குடியிருக்கும் கட்டடத்தில் இருபத்துநான்கு வீடுகள். சென்னையின் தென்புறநகரில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழும்பியது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்குழு கூடிற்று. வெளிநாட்டிலிருக்கும் வீட்டுக்காரர், 'எனக்குப் பதிலா போய் உட்கார்ந்து என்ன பேசறாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க' என்றிருந்தார். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது பற்றிப் பேச்சு. செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. 'ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல ஓட்டுப் போட்டு ஊரை நடத்தினவங்க நாம' என்று தொடங்கியவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். 'தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, இது ஓனர்ஸ் மீட்டிங்.'

எழுந்து வெளியே வந்தேன். வாசலில் வாட்ச்மேன் அண்ணன். மாடிப்படிக்கு அடியிலிருக்கும் அறையில் மனைவியோடு பத்தொன்பது வருஷமாக இருப்பவர். 'என்ன சார், இடிச்சுடுவாங்களா?' என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் குறிப்புகள் தொடங்குகின்றன.

2

தமிழ் படித்தவனுக்குக் கல்வெட்டும் பிரதிதான், கிரயப் பத்திரமும் பிரதிதான். வீட்டுக்காரர் அனுப்பியிருந்த பத்திர நகலை அன்று இரவு வாசித்தேன். அதில் 'வீடு' என்ற சொல் மையத்தில் இல்லை. விற்கப்பட்டிருப்பது மனையில் இத்தனை சதுர அடி 'பிரிபடாத பாகம்'. வீட்டைக் கட்டித் தருவது வேறோர் ஒப்பந்தம். தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழக்கம் இதுதான். மனையின் பாகத்துக்கு மட்டும் கிரயம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று பிரித்தால் முத்திரைத் தீர்வை மிச்சமாகும். மனையையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிய வேண்டும் என்ற முறை 2023 டிசம்பரில்தான் வந்தது. சுவரும் கூரையும் உள்ள வீட்டை வாங்கியவர் கையில் இருந்தது, எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்ட முடியாத ஒரு துண்டு நிலம்.

'பிரிபடாத' என்ற சொல் எங்கிருந்து வந்தது? இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றிய சட்டச் சொல்லாடலில் நாம் நன்கறிந்த சொல் அது. ஆனால் மிதாட்சர முறையில் பங்கு நிலையானதல்ல. பிள்ளை பிறந்தால் குறையும், ஒருவர் இறந்தால் கூடும். பங்காளி எப்போது வேண்டுமானாலும் பாகப்பிரிவினை கேட்கலாம். அடுக்குமாடியில் இரண்டும் இல்லை. பங்கு சதுர அடியில் உறைந்துபோனது. பிரிவினை கேட்கும் உரிமையையோ வாங்குபவர் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார். குடும்பத்தின் சொல்லை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வெளியேறும் கதவை மட்டும் அடைத்துவிட்டார்கள். சண்டை வந்தால் 'ஒரே குடும்பமா இருக்கோம்' என்று செயலாளர் சொல்வதை வெறும் உபசாரம் என்று தள்ளிவிட முடியவில்லை.

3

நிலையான பின்னம், விற்கத்தக்க உரிமை, பிரிக்கப்படாத பொது: இந்த மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டுக்குத் தமிழ் வரலாற்றில் நெருக்கமாக இருப்பது குடும்பமல்ல, தொண்டைமண்டலத்து மிராசு கிராமம். எல்லீஸ் 1818இல் அரசின் பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விடைகளில் இதை விரிவாகப் பார்க்கலாம். கிராமம் இத்தனை 'பங்கு' என்று வகுக்கப்பட்டிருக்கும். பங்கு வைத்திருப்பவருக்கு நிலம், தரிசு, மனை, வருமானம் எல்லாவற்றிலும் அந்த விகிதப்படி உரிமை. சில ஊர்களில் நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி பகிர்ந்துகொண்டார்கள் (பசுங்கரை). சில ஊர்களில் ஒரேயடியாகப் பிரித்துவிட்டார்கள் (அருதிக்கரை). பங்கின் பின்னத்தையும் விற்கலாம்.

அடுக்குமாடி மிராசின் தொடர்ச்சி என்று நான் சொல்லவரவில்லை. இடையில் ரயத்துவாரியும் காலனியச் சட்டங்களும் நகரச் சந்தையும் இருக்கின்றன. ஆனால் ஓர் ஏற்பாட்டை அதன் பங்காளிகளை மட்டும் வைத்து விவரிக்கும்போது யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதை மிராசின் வரலாறு காட்டுகிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை குறித்து 1891இல் எழுதிய அறிக்கையின் முக்கியமான பகுதி கூலியைப் பற்றியதல்ல, குடியிருப்பு மனையைப் பற்றியது. சேரி மனையும் மிராசுதாரர் பிடியில் இருந்தது. கூலி கேட்டால், தரிசுக்கு விண்ணப்பம் போட்டால், 'என் மனையைக் காலி பண்ணு' என்று ஒரு வார்த்தை போதும். பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லும் 1892 ஆணைக்கு அந்த அறிக்கையே பின்புலம்.

இனி உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை பற்றிச் சொல்கின்றன. உண்மை. ஆனால் குடத்தில் யார் பெயர் விழும்? கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவர், வேதம் கற்றவர், இரண்டாம் கல்வெட்டின்படி முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டவர். அது ஒரு பிராமணச் சபை. செயலாளர் சொன்னது தவறல்ல. சொல்லாமல் விட்டதில்தான் அவருடைய சங்கத்துக்கும் அந்தச் சபைக்கும் உண்மையான ஒற்றுமை இருக்கிறது. அங்கே வாடகைக்காரனுக்கு ஓலை இல்லை, இங்கேயும் இல்லை. அதே கல்வெட்டில், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் விலக்கப்பட்டிருந்தார்கள். கார்ப்பஸ் நிதிக் கணக்கு கேட்டால் முகம் சுளிக்கும் சங்கங்கள் இந்த வரியைத்தான் கடன் வாங்கியிருக்க வேண்டும். யாரும் வாங்கவில்லை.

4

மாடிகளுக்கு வெவ்வேறு உரிமையாளர் என்ற சிக்கல் ஐரோப்பாவிலும் பழையது. 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 664ஆம் பிரிவு இதை வேடிக்கையான துல்லியத்தோடு கையாண்டது. பிரதானச் சுவரும் கூரையும் எல்லோர் செலவு. தான் நடக்கும் தளம் அவரவர் செலவு. முதல் மாடிக்காரர் முதல் மாடி வரைக்கும் படிக்கட்டு போட வேண்டும். அங்கிருந்து தன் மாடி வரைக்கும் இரண்டாம் மாடிக்காரர். அதில் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், சங்கம் இல்லை. சங்கத்தையும் துணைவிதிகளையும் கொண்ட ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. பிரான்சில் 1938, ஜெர்மனியில் 1951, போர்ட்டோ ரிக்கோவில் 1958, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் 1961 என்று சட்டங்கள் வரிசையாக வந்தன. 1961இல் அமெரிக்க மத்திய அரசு இத்தகைய வீடுகளின் கடனுக்குக் காப்புறுதி தர முன்வந்ததும் அங்கே மாநிலம் மாநிலமாகச் சட்டம் பரவிற்று.

இந்தியாவில் முதலில் நடந்தது பம்பாயில். மகாராஷ்டிரம் 1963இல் ஒரு சட்டமும் 1970இல் அடுக்குமாடி உரிமைச் சட்டமும் இயற்றியது. இந்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு என்னை நிறுத்தி வைத்தது. உரிமையாளர், வாடகைக்காரர், இருவரிடமும் வேலை செய்பவர்கள் எல்லோரும் துணைவிதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்கிறது அது. விதியை ஆக்குவது யார்? உரிமையாளர்கள் மட்டும். கட்டுப்படுகிறவர்களின் பட்டியலில் வேலைக்காரப் பெண் இருக்கிறார். ஆக்குகிறவர்களின் பட்டியலில் இல்லை.

தமிழ்நாட்டின் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது, விதிகள் 1997இல். பொதுப்பகுதிகளைப் பிரிக்க முடியாது, சங்கம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தும், பெரும்பாலான சங்கங்கள் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழேயே பதிந்துகொண்டன. வாசகசாலையும் ரசிகர் மன்றமும் பதிகிற அதே சட்டம். ஒரு கட்டடத்தின் தண்ணீரையும் லிஃப்டையும் லட்சக்கணக்கான ரூபாயையும் ஆளும் அமைப்பு, சட்டத்தின் கண்ணில் ஒரு மன்றம்.

5

சங்கம் சேரும் உரிமை என்பதற்குள் சேர்க்காமலிருக்கும் உரிமையும் அடங்குமா? பம்பாய் காம்தேவியில் 1915இல் உருவான கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் சாரஸ்வத பிராமணர்களுடையது. நம்முடைய நகர்ப்புறக் கூட்டுவாழ்க்கையின் முன்னோடிகளில் ஒன்று சாதியின் பெயரிலேயே தொடங்கியது. தொண்ணூறு வருஷம் கழித்து, 2005இல், அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், உறுப்பினராகப் பார்சிகளை மட்டும் சேர்க்கும் துணைவிதி செல்லும் என்றது. சிறுபான்மை ஒன்று தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் அதே வாதத்தைப் பெரும்பான்மை கையில் எடுத்தால் என்னவாகும் என்பதை 'வெஜிடேரியன் ஒன்லி' என்று வீடு தேடி அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். என்னைக் கேட்டாலும் தெரியும்.

எங்கள் கட்டடத்தில் சாதி பற்றி ஒரு விதியும் கிடையாது. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் உண்டு: 'பணியாளர்கள் மாடிப்படியைப் பயன்படுத்தவும்.' எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா மூன்று மாடி ஏறித்தான் வருகிறார். நான் லிஃப்டில் போகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும்வரை அந்த அறிவிப்பைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை. வாக்கில்லாதவன் என்று என்னைச் சொல்லிக்கொள்வதில் இப்படியொரு வசதியும் இருக்கிறது.

6

2022ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. மறுகட்டுமானத்துக்கு எல்லோரும் ஒப்ப வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் போதும் என்கிறது. ஒரே ஒருவர் முரண்டு பிடித்து, இடிந்து விழப்போகும் கட்டடத்தில் மற்றவர்களை மாட்டி வைத்த நிலைக்கு இது தேவையான திருத்தம்தான். எங்கள் கணக்கில் பதினாறு பேர். மீதி எட்டுப் பேருக்குப் புதுக் கட்டடத்தில் வீடு உண்டு, நீதிமன்றம் உண்டு. வாடகைக்காரன் வேறு வீடு பார்ப்பான். மாடிப்படிக்கு அடியிலிருக்கும் அறை எந்தப் பத்திரத்திலும் வீடு அல்ல; பொதுப்பகுதி. அதில் இருபத்துநான்கு பேருக்கும் பாகம் உண்டு. அங்கே தூங்கி எழுகிறவருக்கு இல்லை.

திரமென்ஹீர் எழுப்பியது குடியிருப்பவருக்கும் மனைக்கும் என்ன உறவு என்ற கேள்வி. சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், வாடகைக்காரனாக. லிஃப்ட் அறிவிப்பை எடுக்க வேண்டும்; காவலர் அறையில் இருப்பவர்களுக்கு இடிப்பதற்கு முன் இழப்பீடு தருவதாகத் தீர்மானம் வேண்டும்; பராமரிப்புக் கட்டணம் கட்டுகிற எல்லோருக்கும் கணக்கைக் காட்ட வேண்டும். செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். 'ஓனர் கையெழுத்து இல்லாம இதை எஜெண்டாவுல சேர்க்க முடியாதே தம்பி' என்றார். வீட்டுக்காரருக்குக் கடிதத்தை அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வாட்ச்மேன் அண்ணன் தினமும் கேட்கிறார்.