5 வாட் வலுவில் உலகத்துடன் பேசுதல்: மோர்ஸ் வானொலிப் போட்டி ஓர் அறிமுகம்

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில், 48 மணிநேரத்துக்குக் குறுஅலை வானொலி மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளாலும் கோடுகளாலும் நிரம்பிவிடும். இலங்கை நேரப்படி சனி காலை 5.30இல் தொடங்கி திங்கள் காலை 5.30இல் முடியும் இது, 'சிகியூ வேர்ல்ட் வைட்' எனப்படும் அமெச்சூர் வானொலிப் போட்டியின் மோர்ஸ் பிரிவு. இதில் சிலர் 1,500 வாட் வரையான வலுவுடன் இறங்குகிறார்கள். வேறு சிலர் தாமாகவே 5 வாட்டுக்குள் நிற்கிறார்கள். குறைந்த வலு என்பதைக் குறிக்கும் 'கியூஆர்பி' என்ற பெயரில் அவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

வடக்கு, கிழக்கில் வானொலித் தொடர்புக் கருவி என்றாலே போர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆனால், பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்களுக்குக் குறைந்த மின்வலு புதிதல்ல. வழமையான சைக்கிள் டைனமோ தருவது சுமார் 3 வாட். அன்று அதைக் கொண்டு கேட்க மட்டுமே முடிந்தது. 5 வாட்டில் உலகத்துக்குப் பதிலும் சொல்லலாம்.

5 வாட் எப்படிப் போதும்?

குறுஅலை, வளிமண்டலத்தின் மேலேயுள்ள அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் கடந்து இறங்குகிறது. வலுவை 100 வாட்டிலிருந்து 5 வாட்டாக, அதாவது இருபதில் ஒன்றாகக் குறைத்தாலும், கேட்பவருக்கு ஏற்படும் குறைவு 13 டெசிபல்தான். வானொலிப் பெட்டியின் சிக்னல் மானியில் அது இரண்டு படிகளைவிடச் சற்று அதிகம். மோர்ஸ் சிக்னலுக்கு மிகக் குறுகிய அலைவரிசையே போதும் என்பதால், குரல் புரியாத இரைச்சலிலும் அதன் ஒலியைப் பிரித்தறியலாம்.

போட்டியின் விதி

ஒவ்வொரு தொடர்பிலும் இரு தரப்பும் தமது அழைப்புக் குறி, சிக்னலின் தரம், வலய இலக்கம் ஆகியவற்றைப் பரிமாற வேண்டும். உலகம் 40 வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இலங்கையும் இந்தியாவும் 22ஆவது வலயம். '599 22' என்று அனுப்பினால் போதும். நேரத்தை மிச்சப்படுத்த, நான்கு கோடும் ஒரு புள்ளியும் கொண்ட 9க்குப் பதிலாக, ஒரு கோடும் ஒரு புள்ளியும் கொண்ட 'என்' எழுத்தை அனுப்புவது வழக்கம்.

வேறு கண்டத்துடனான தொடர்புக்கு 3 புள்ளிகள். அதே கண்டத்தின் வேறு நாட்டுக்கு 1 புள்ளி. மொத்தப் புள்ளிகளை, ஒவ்வோர் அலைப்பட்டையிலும் தொட்ட நாடுகள், வலயங்களின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். 240 புள்ளிகளும், 35 நாடுகளும், 15 வலயங்களும் என்றால் 12,000. அழைப்புக் குறியைப் பிழையாகப் பதிந்தால் அந்தத் தொடர்பு நீக்கப்பட்டு, மேலதிகமாகவும் புள்ளி கழிக்கப்படும்.

சிறியவரின் உத்தி

5 வாட்டில் நின்றுகொண்டு 'யாராவது இருக்கிறீர்களா' என்று அழைத்துக்கொண்டிருப்பதால் பெரிய பயனில்லை. பலமாகக் கேட்கும் நிலையங்களைத் தேடிப் பதில் கொடுப்பதே வழி. சனிக்கிழமை அந்த நிலையங்களைப் பெருங்கூட்டம் மொய்க்கும். ஞாயிறு பிற்பகலில் அவர்களே புதிய ஆட்களைத் தேடிக் காத்திருப்பார்கள்; மெல்லிய சிக்னலுக்கும் காதுகொடுப்பார்கள். கூட்டம் ஒரு கணம் ஓயும் இடைவெளியில், எதிரில் உள்ளவரின் வேகத்திலேயே தன் குறியை ஒரு தடவை தெளிவாக அனுப்புபவருக்கு வாய்ப்பு அதிகம்.

நேரமும் முக்கியம். பகலில் 20, 15, 10 மீற்றர் பட்டைகளும், இரவில் 40, 80 மீற்றர் பட்டைகளும் தூர இடங்களுக்குத் திறக்கும். வலுவைக் கூட்ட முடியாதவர் அன்டெனாவைத் திருத்தலாம். 20 மீற்றர் பட்டைக்குச் சுமார் 10 மீற்றர் நீளமான கம்பியே போதும். உப்புநீர் அலையை நன்கு தாங்கிச் செல்வதால், கடற்கரையோரம் நிறுத்திய செங்குத்து அன்டெனா தொலைவுக்கு மிகவும் உதவும். கடலும் களப்பும் சூழ்ந்த யாழ். குடாநாட்டுக்கு இது இயற்கையான வசதி.

இலங்கைக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. '4எஸ்' என்று தொடங்கும் இலங்கைக் குறி காற்றில் அரிதாகவே கேட்கும். அதைப் பிடிப்பவருக்குப் பெருக்கலில் ஒரு நாடு கூடும் என்பதால், சிக்னல் மெலிதாக இருந்தாலும் திரும்பக் கேட்டுப் பதிந்துகொள்வார்கள்.

பொழுதுபோக்கு மட்டுமா?

2004 ஆழிப்பேரலையில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, இலங்கை அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குக் குறுஅலைத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். மின்சாரமும் கோபுரமும் இல்லாத நேரத்தில், சிறிய பற்றரியுடன் தொடர்பு எடுக்கும் பழக்கத்தையே இந்தப் போட்டியும் வளர்க்கிறது. சொந்தங்களின் நிலை அறியாமல் நாட்கணக்கில் காத்திருந்த மக்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

தொடங்க விரும்புவோருக்கு

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வானொலித் தொடர்புக் கருவியை வைத்திருப்பதோ இயக்குவதோ குற்றம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து, அனுமதியும் அழைப்புக் குறியும் பெற்ற பின்னரே கருவியைத் தேடுங்கள். அதுவரை காதைப் பழக்கலாம். நெதர்லாந்தின் ருவென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள குறுஅலை வாங்கியை இணையத்தில் எவரும் இலவசமாகக் கேட்கலாம். கைத்தொலைபேசியே போதும். வரும் நவம்பர் போட்டியின்போது ஒரு மணிநேரம் கேட்டு, எத்தனை அழைப்புக் குறிகளை எழுத முடிகிறது என்று பாருங்கள்.